ஹோமிலிருந்து வீட்டுக்கு, பொங்கல் சாப்பாட்டுக்கு: ராம்ப், பெல்ட், கமோட் சேர் பற்றி சில வருட அனுபவம்

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நவி மும்பைப் பக்கம் ஒரு பராமரிப்பு ஹோமில் இருக்கும் என் வீட்டுக்காரரை வருஷா வருஷம் பொங்கல் சாப்பாட்டுக்குச் செம்பூர் வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். அதற்காக வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது என்று சொல்கிறேன். அவருக்கு வலது கை கால் வராது, பேச்சு ஒன்றிரண்டு சொல்தான், விழுங்குவதிலும் சிரமம்.

முதலில் ராம்ப், அதாவது படி மேல் போட்டு வீல்சேரைத் தள்ளும் சாய்வுப் பலகை. மடக்கும் அலுமினிய ராம்ப், ஆறு அடி. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் பில்டிங் வாசலில் இரண்டு படி, மொத்தம் 12 அங்குலம், அப்படியானால் 12 அடி ராம்ப் வேண்டும், அதைப் போட்டால் மறுமுனை எதிரே நிற்கும் ஸ்கூட்டர்கள் மேல் ஏறிவிடும். அதனால் ஆறடியோடு நின்றோம். சரிவு இரண்டு மடங்கு, தனி ஆளாகத் தள்ளவே கூடாது. ஏற்றும்போது பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். இறக்கும்போது வீல்சேரைத் திருப்பி, அவர் முதுகுப் பக்கம் முதலில் இறங்க, பலமான ஆள் கீழே நின்று தாங்க வேண்டும். ஓரத்து ரப்பர் தேய்ந்ததைத் தவிர ராம்ப் இன்னும் கெட்டியாக இருக்கிறது. மூன்று நான்கு படி உள்ள வீட்டுக்காரர்கள் இந்த அளவு வாங்காதீர்கள், காசு வீண்.

ஆள் பலத்துக்காகவே எங்கள் வீட்டுப் பொங்கல் ஜனவரி 26. தை முதல் நாள் இங்கே பல ஆபீஸ்களில் லீவு கிடையாது, மகனால் வர முடியாது. 26 அன்று எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் கொடியேற்ற எல்லோரும் கீழே இருப்பார்கள், கூப்பிட்டால் நாலு கை வரும். இத்தனை நாள் கழித்து என்ன பொங்கல் என்று நாத்தனார் கேட்டாள். தை முடிவதற்குள் எப்போது பொங்கினாலும் தைப்பொங்கல்தான் என்றேன். தீபாவளிக்குக் கூட்டி வருவதே இல்லை, வெடிச் சத்தத்துக்கு அவருக்கு உடம்பு தூக்கிப் போடும்.

காரில் ஏற்றுவதுதான் பெரிய பாடு. நம் ஊர்க் காரில் முன்சீட் இடது பக்கம். வீல்சேரை அதன் பக்கத்தில் முன்பார்த்து நிறுத்தினால் சீட் அவருக்கு வலப்புறம், அதாவது வராத கால் பக்கம். ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம். வலது பின்கதவில் ஏற்றினால் இது அப்படியே தலைகீழ். ஹோம் ஆட்கள் ஏற்றிவிடுவதால் நாங்கள் முன்சீட்டையே வைத்துக்கொண்டோம், வீட்டு வாசலில் இறக்குவது எங்களுக்குச் சுலபமாக இருக்க வேண்டுமே. அவர் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துத் தூக்கி மாற்றும் டிரான்ஸ்ஃபர் பெல்ட்தான் வாங்கியதிலேயே மலிவு, வாங்கியதிலேயே உபயோகம். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், வராத கையின் தோள்பட்டை இறங்கிவிடும். சுழலும் குஷன் ஒன்று வாங்கினோம், குழிவான கார் சீட்டில் அது சுழலவே இல்லை. இப்போது பரணில்.

பாத்ரூம் கதவுக்குள் வீல்சேர் நுழையாது, அதனால் படுக்கையறையில் கமோட் சேர், அதாவது கழிப்பறையாகப் பயன்படும் நாற்காலி. சக்கரத்தில் பூட்டு இருக்கிறதா, கைப்பிடி கழலுமா என்று பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெண்பொங்கலில் முழு மிளகு கிடையாது, பொடித்துப் போடுகிறேன். சர்க்கரைப் பொங்கலைப் பால் விட்டுக் குழைத்து மசித்து, முந்திரி திராட்சை இல்லாமல், விழுங்குவதையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன பதத்தில். ரசம் தண்ணீராக இருந்தால் புரையேறும், அதைக் கெட்டியாக்கும் பவுடரில் ஸ்டார்ச் வகை எச்சில் பட்டதும் நீர்த்துவிடும், சாந்தன் கம் வகை அப்படியே நிற்கும், விலை கூட என்றாலும் அதுதான் சரி. கெட்டி ரசம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், அவரே முகத்தைச் சுளிப்பார், ஆனால் வாசனைக்காக இன்னொரு ஸ்பூனுக்கு வாயைத் திறப்பார். நேராக உட்கார வைத்து ஊட்ட வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பேச்சுக் கொடுத்தால் அவர் சிரிப்பார், சிரித்தால் புரையேறும், அதனால் அவர் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு இலை.

திரும்பிப் போகிற நேரம் ஒவ்வொரு வருஷமும் கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொள்வார். இதற்கு எந்தச் சாமானும் விற்பதில்லை. பேரன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான், அவனுக்கு மட்டும் விடுவார். 2024 அக்டோபரில் வழியில் உள்ள வாஷியில் கார்களுக்கு டோலை நீக்கியதிலிருந்து அங்கே நிற்பது குறைந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே சேர்த்துவிடுகிறோம். என்ன சாப்பிட்டார், புரையேறியதா என்று நைட் டியூட்டி நர்ஸிடம் எழுதியே கொடுத்துவிடுவேன், அடுத்த இரண்டு மூன்று நாள் இருமலோ காய்ச்சலோ வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக.