அலுவலகத் தொலைபேசிக்குக் காவலாகக் கீப்அலைவ்ட்: ஒரு மதிப்புரை

ஆஸ்டரிஸ்க் போன்ற மென்பொருளைக் கொண்டு தொலைபேசி அமைப்பை நடத்தும் அலுவலகங்கள் பலவற்றில் உள்ளழைப்பு, வெளியழைப்பு, வாய்ஸ்மெயில் என எல்லாமே ஒரே சர்வரை நம்பி இருக்கின்றன. அந்த சர்வர் நின்றுவிட்டால் மேசைகளில் இருக்கும் கருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பயனற்றுப் போகின்றன. இதைத் தவிர்க்க விரும்பும் சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, லினக்ஸில் இயங்கும் திறமூல மென்பொருளான கீப்அலைவ்டைத்தான். தனக்கு உரிய வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் அந்த வேலை எங்கே முடிகிறது என்பதை அறியாமல் நிறுவுபவர்கள், தொலைபேசி பாதுகாப்பாக இருப்பதாகத் தவறாக நம்பிவிடக்கூடும்.

முதன்மை சர்வர் ஒன்றும், அது நின்றால் பொறுப்பேற்கும் துணை சர்வர் ஒன்றுமாக இரண்டை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐபி முகவரி, அதாவது ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு இடம் மாறக்கூடிய வலையமைப்பு முகவரி, வைக்கப்படுகிறது. தொலைபேசிகளுக்குத் தெரிந்தது அந்த முகவரி மட்டுமே. முதன்மை சர்வர், விஆர்ஆர்பி என்ற நெறிமுறையின்படி, இயல்பு அமைப்பில் நொடிக்கு ஒரு முறை தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வராமல் போய், அதற்கு மேல் ஒரு சிறு இடைவெளியும் கழிந்தால், துணை சர்வர் முகவரியைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. துணை சர்வரின் முன்னுரிமை எண் (முகவரி எந்த சர்வருக்கு என்பதைத் தீர்மானிக்கும் எண்) 100 என்றால் இதற்கு ஏறத்தாழ 3.6 நொடிகள் ஆகும். உடனே அது, இந்த முகவரி இனி தன்னிடம் இருப்பதாக ஏஆர்பி செய்தி மூலம் வலையமைப்பு முழுவதற்கும் தெரிவிக்கிறது. எந்தத் தொலைபேசியிலும் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது சர்வரின் முகவரியைக் குறிக்கவே இடமில்லாத பழைய கருவிகளும் பயன்பெறுகின்றன. இதே தேவைக்குப் பயன்படும் பெரிய மென்பொருள்களான பேஸ்மேக்கர், கோரோசிங்க் ஆகியவற்றைக் கற்றுத் தேற வேண்டிய உழைப்போடு ஒப்பிட்டால், ஒரு திரைக்குள் அடங்கிவிடும் இதன் அமைப்புக் கோப்பு ஒரு பெரிய நிம்மதி.

குறை தொடங்கும் இடம் சர்வரின் நலத்தைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல். கீப்அலைவ்ட் தானாகக் கவனிப்பது சர்வரையும் அதன் வலையமைப்பு இணைப்பையும்தான். தொலைபேசி மென்பொருள் இயங்குகிறதா என்பதை நாம் எழுதித் தரும் ஸ்கிரிப்ட்தான் சொல்ல வேண்டும். சர்வரில் இயங்கும் செயல்முறைகளின் பட்டியலில் ஆஸ்டரிஸ்க் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டையே பலரும் எழுதுகிறார்கள். சோதனைக்காக அந்தச் செயல்முறைக்கு நிறுத்தச் சைகை அனுப்பி உறையவைத்துப் பாருங்கள்: பட்டியலில் அது அப்படியே இருக்கும், ஸ்கிரிப்டும் நலம் என்றே சொல்லும், முகவரியும் இடம் மாறாது, ஆனால் ஒரு அழைப்புகூடப் போகாது. மின்தடையைவிட இத்தகைய உறைநிலையே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகவே ஸ்கிரிப்ட், தொலைபேசிகளும் சர்வரும் பேசிக்கொள்ளும் எஸ்ஐபி நெறிமுறையில், ‘இருக்கிறாயா’ என்று விசாரிக்கும் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பி, குறித்த நேரத்துக்குள் பதில் வந்தால் மட்டுமே நலம் என்று கொள்ள வேண்டும். பதிலுக்காக அதுவே முடிவின்றிக் காத்திருக்காதபடி கால வரம்பும் வைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. முகவரி சில நொடிகளில் மாறிவிடுகிறது. மேசையில் இருக்கும் தொலைபேசிக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. அதன் திரை, ரிஜிஸ்டர் ஆகியிருப்பதாகவே, அதாவது தன் முகவரியை சர்வரிடம் பதிந்திருப்பதாகவே காட்டும், டயல் டோன் கேட்கும், வெளியே அழைத்தால் அழைப்பும் போகும். ஆனால் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு யாராவது அழைத்தால் மணி அடிக்காது, ஏனென்றால் அந்தத் தொலைபேசி எந்த முகவரியில் இருக்கிறது என்ற விவரம் துணை சர்வரிடம் இல்லை. ரிஜிஸ்டர் காலம் (ஒரு பதிவு செல்லுபடியாகும் நேரம்) ஆஸ்டரிஸ்கின் இயல்பு அளவான 3600 நொடிகளாக இருந்தால் இந்த ஊமை நிலை நெடுநேரம் நீடிக்கலாம். வரும் அழைப்புகளை நம்பித் தொழில் நடத்தும் அலுவலகத்துக்கு இது முழுச் செயலிழப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. அந்தக் காலத்தை 60 அல்லது 120 நொடிகளாகக் குறைப்பது எளிய வழி. ரிஜிஸ்டர் விவரங்களை இரண்டு சர்வர்களும் பகிரும் தரவுத்தளத்தில் வைப்பது முறையான வழி. சில நூறு தொலைபேசிகள் வரை எளிய வழியே போதும் என்பது என் கருத்து.

நடந்துகொண்டிருக்கும் உரையாடல்கள் காப்பாற்றப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குரல் பெரும்பாலும் சர்வர் வழியாகவே செல்வதால், மாற்றத்தின்போது அது அறுந்துவிடும். மீண்டும் அழைக்கத்தான் வேண்டும். வாய்ஸ்மெயிலையும் அழைப்புப் பதிவுகளையும் கீப்அலைவ்ட் தொடுவதில்லை, அவற்றைத் தனியாக நகலெடுக்க வேண்டும். சேவை வழங்குநர் ஐபி முகவரியைக் கொண்டு அடையாளம் காண்பவராக இருந்தால், வெளியே போகும் அழைப்புகளும் மெய்நிகர் முகவரியிலிருந்தே புறப்பட வேண்டும். சர்வரின் சொந்த முகவரியிலிருந்து போனால் அவை மறுக்கப்படும்.

இயல்பு அமைப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. பழுது நீங்கி எழுந்த முதன்மை சர்வர், அதிக முன்னுரிமை உடையது என்பதால் முகவரியை உடனே திரும்பப் பறித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களின் அழைப்புகள் இரண்டாவது முறையாக அறுகின்றன. அடிக்கடி நின்று எழும் சர்வராக இருந்தால், அலுவலகம் முழுவதும் அதோடு சேர்ந்து ஆடும். இரண்டு சர்வர்களையும் துணை நிலையிலேயே தொடங்கவைத்து, இப்படித் திரும்பப் பறிப்பதைத் தடுக்கும் நோப்ரீஎம்ப்ட் அமைப்பைச் சேர்த்துவிட்டால், ஆள் இல்லாத வேளையில் நாமே பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு சர்வர்களும் ஒரே வலையமைப்பில் அருகருகே இருக்கும் அலுவலகத்துக்கே இவையெல்லாம் பொருந்தும். இரண்டையும் ஒரே சுவிட்சிலும் ஒரே யுபிஎஸ்ஸிலும் மாட்டிவைத்தால், வாங்கிய இரண்டாவது சர்வரால் பாதிப் பயன்கூட இருக்காது. தலைமையகத்தோடு இணைப்பு அறுந்தாலும் கிளை அலுவலகத்தின் தொலைபேசிகள் ஒலிக்க வேண்டும் என்றால், கிளையில் இருக்கும் ரூட்டரே தற்காலிகமாக அழைப்புகளை ஏற்று நடத்தும் சிஸ்கோ எஸ்ஆர்எஸ்டி போன்ற ஏற்பாட்டை நாட வேண்டும். அந்தத் தேவைக்குக் கீப்அலைவ்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.