வர்ணம் தாண்டிய பிள்ளைக்கு எந்த வயலின்?

என்னிடம் நான்கு வருடமாகக் கர்நாடக சங்கீத வயலின் கற்கும் ஒரு பெண், ஆடி மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் இடது கையை நீட்டிக் காட்டினாள். நான்கு விரல் நுனியிலும் கறுப்பு. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, விரல் வழுக்க வேண்டுமென்று தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெயில் ஃபிங்கர்போர்டின் (தந்தியை விரல் அழுத்தும் பலகை) சாயம் கரைந்து வந்திருந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிற பிள்ளை. வர்ணங்கள் என்னும் பயிற்சி உருப்படிகளை முடித்துக் கீர்த்தனைக்கு வந்துவிட்டாள். அந்த ஆரம்ப வயலின் இனிமேல் அவளுக்கு ஈடுகொடுக்காது.

அவளுடைய பெற்றோர் சீட்டுப் பணம் எடுத்து வந்திருந்தார்கள். வீண் போகக் கூடாத பணம். அடுத்த ஐந்தாறு வருடம் தாங்குகிற வயலினாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்தவை மூன்று வகை: ஸ்டென்டர் ஸ்டூடன்ட் 2, யமஹா வி5, பழைய ஜெர்மன் வயலின்.

நம் ஊர்க் கடைகளுக்குக் கொல்கத்தாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்து ராம்பூரிலிருந்தும் வரும் விலை குறைந்த வயலின்களை இதில் சேர்க்கவில்லை. முதல் பாடமான சரளி வரிசைக்கு அவை போதும், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவற்றில்தான் தொடங்கியிருக்கிறார்கள். இவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள்.

கடையில் வயலினைக் கையில் எடுத்ததும் நான் செய்வது சுருதியை இறக்குவதுதான். கடைக்காரர் மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று கட்டி வைத்திருப்பார். அந்த இறுக்கத்தில் சுமாரான வயலின்கூடப் பளிச்சென்று பேசும். நாம் கட்டுவது ஸ, ப, ஸ, ப. 5 கட்டை (ஸ, ஜி-யில் நிற்கும் சுருதி) என்றாலே ஏ தந்தி ஜி-க்கும் ஈ தந்தி டி-க்கும் இறங்கிவிடும். அதைவிடத் தாழ்ந்த 2 கட்டைக்குப் போனால் நான்கு தந்தியுமே தளரும். அந்தத் தளர்ச்சியிலும் மந்தர ஸ்தாயி (தாழ்ந்த ஸ்வரங்களின்) நாதம் கலங்காமல் வருகிறதா என்பதுதான் கேள்வி. தோடி ராகத்தின் காந்தாரத்தை (க ஸ்வரம்) கீழ்த் தந்தியில் நீளமாக அசைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டென்டர் இங்கிலாந்து நிறுவனம், வயலின் சீனாவில் தயாராகிறது. ஸ்டூடன்ட் 2-இன் மேல்பலகை செதுக்கிய ஸ்ப்ரூஸ் மரம், ஒட்டுப்பலகை இல்லை. ஃபிங்கர்போர்டும், தந்தியை முறுக்கும் பிருடைகளும் கருங்காலி. எங்களுக்கு இது பெரிய விஷயம்: எண்ணெய் பட்டாலும் விரலில் கறுப்பு ஒட்டாது, வருடக்கணக்காக ஜாரு (விரலை இழுத்து வாசிப்பது) வாசித்தாலும் சீக்கிரம் பள்ளம் விழாது. குறை என்னவென்றால், பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் நாங்கள் பார்த்த வயலின் அரைகுறையாகத்தான் பேசியது. தந்திகளைத் தாங்கும் குதிரை தடிமனாக, உயரமாக இருந்தது. மேல் ஸ்தாயியில் தந்தியை அழுத்தவே பலம் வேண்டியிருந்தது.

யமஹா வி5 அப்படியில்லை. பிருடை நின்ற இடத்தில் நின்றது, நான்கு தந்தியும் ஒரே சீராகப் பேசின. வாங்கிய அன்றே வாசிக்கலாம், ரிப்பேர் பார்ப்பவர் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் விலை ஸ்டூடன்ட் 2-ஐவிடக் கணிசமாக அதிகம். அப்புறம், சுருதியை இறக்கியபோது மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ) கொஞ்சம் மெலிந்துபோனது போல என் காதுக்குப் பட்டது. மேல் தந்தியின் இனிமையில் குறையே சொல்ல முடியாது.

பழைய ஜெர்மன் வயலின் என்றால் என் மனசு இன்றும் இளகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சாக்சனியின் மார்க்நியூகிர்ஷன் வட்டாரத்தில் ஏராளமாகச் செய்து உலகமெங்கும் அனுப்பிய வயலின்கள் இவை. உள்ளே 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்' என்று அச்சிட்ட சீட்டு இருக்கும். ஸ்ட்ராடிவாரி 1737-இல் காலமானவர். அந்தச் சீட்டு, அவருடைய மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாது. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நல்லதாக அமைந்தால் நூறு வருடம் காய்ந்த மரத்தின் நாதம் குறைந்த விலையிலேயே கிடைக்கும். சரியில்லாததாக அமைந்தால்? நான் இருபத்திரண்டு வயதில் ஒரு கடையில் அப்படி ஒன்று வாங்கினேன். மூன்றாம் மாதம் கீழ்ப்பலகையில், சவுண்ட் போஸ்ட் (உள்ளே இரு பலகைக்கும் நடுவே நிற்கும் சிறு குச்சி) நிற்கும் இடத்திலேயே, மெழுகு வைத்து மறைத்த விரிசல் வெளியே வந்தது. அந்த இடத்து விரிசலைச் சரிசெய்ய வயலினைத் திறக்க வேண்டும். செலவு நான் கொடுத்த விலையைத் தாண்டியது, அழுதேன். பழையதை வாங்குவதென்றால், வயலின் ரிப்பேர் தெரிந்தவர் ஒருவர் உடன் வந்து, உள்ளே விளக்குப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓரத்தில் பசை விட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பலகை வெடிப்பதற்குப் பதில் அந்த இணைப்பு விடட்டும் என்றுதான் அப்படி ஒட்டியிருப்பார்கள், திரும்ப ஒட்டிவிடலாம்.

இந்தப் பெண்ணுக்காகப் பார்த்த ஜெர்மன் வயலினில் கழுத்துப் பகுதி பெயர்ந்து ஒட்டிய தடம் இருந்தது. காலை மடக்கி உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவர்கள் நாம். கமகத்தில் கை மேலும் கீழும் ஓடுகிற இடம் அந்தக் கழுத்துதான். வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

மிஞ்சிய இரண்டையும் முடிவு செய்ய, அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். எது எதென்று சொல்லாமல் ஒரே வர்ணத்தை ஒரே வில்லால் இரண்டிலும் வாசித்தேன். முதலில் யமஹாவைத்தான் சொன்னாள். ஸ்டென்டரின் குதிரையைச் செதுக்க நேரம் கேட்டு, அடுத்த வாரம் அதே சோதனையை வைத்தோம். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் மெல்லிய தந்தி 3 மில்லிமீட்டர், தடித்த தந்தி 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்திருந்தது, அதன் தந்திகளும் டாமினன்ட் என்ற தந்தி வகை செட்டாக மாறியிருந்தன. இந்தத் தடவை ஸ்டென்டரைச் சொன்னாள். "கீழ் ஸட்ஜம் நெஞ்சுல கேக்குது மிஸ்" என்றாள்.

அதையே வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் ஒரு கார்பன் ஃபைபர் வில். பல பெற்றோர் வில்லைப் பற்றி யோசிப்பதே இல்லை. வயலினோடு சும்மா வருகிற வில், அழுத்தினால் நடுவில் தொய்ந்து, துரித காலத்தில் துள்ளும். கார்பன் வில் சென்னை ஈரத்திலும் வளையாது. அவளுடைய மூன்றாம் காலம் (மூன்றாம் வேகம்) தெளிந்ததில் பாதிப் பங்கு இந்த வில்லுக்குத்தான்.

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு சென்ற வாரம் பார்த்தேன். அடிக்கடி சுருதி சேர்த்ததில் குதிரை ஃபிங்கர்போர்டு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து எப்படி நிமிர்த்துவது என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவளே செய்தாள்.