கிவ்டைரக்ட்லி: உள்நாட்டுக்கா, வெளிநாட்டுக்கா என்று நன்கொடையாளரே முடிவு செய்ய வேண்டிய சேவை

கணக்குத் தணிக்கை என் தொழில். பணம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். கிவ்டைரக்ட்லிக்கு நான் மாதாமாதம் நன்கொடை கொடுத்து வருகிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், பணக்கார நாடுகளில் இப்போது சூடாக நடக்கும் ஒரு வாதம்: நம் நாட்டிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது வெளிநாட்டுக்கு எதற்கு உதவி?

முதலில் சேவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்புகிறார்கள். ஆடு வாங்கித் தருவதில்லை, பயிற்சி வகுப்பு நடத்துவதில்லை. ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் பொருளாதாரம் படித்த சிலர் கென்யாவில் இதைத் தொடங்கினார்கள். கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா அங்கே 2007-லேயே வந்துவிட்டதால் இது நடைமுறையில் சாத்தியமானது. களப் பணியாளர்கள் கிராமத்துக்குப் போய்க் குடும்பங்களைப் பதிவு செய்கிறார்கள், பணம் கைபேசிக்குப் போகிறது. கென்யாவில் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,000 டாலர். தகரக் கூரை போடுவதா, மாடு வாங்குவதா, பள்ளிக் கட்டணம் கட்டுவதா என்பது அவர்கள் முடிவு.

இதே அமைப்பு அமெரிக்காவிலும் வேலை செய்கிறது. 2017-ல் ஹார்வி புயல் அடித்தபோது டெக்சாஸில் ரோஸ் சிட்டி என்ற சின்ன ஊரில் பணம் கொடுத்தார்கள். 2020-ல் கோவிட் காலத்தில் அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் கொடுத்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் ஆர்எக்ஸ் கிட்ஸ் என்ற திட்டத்தில் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இவர்களுடையது. ஆக, பணம் கொடுக்க வருகிறவர் உள்நாடா வெளிநாடா என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லியாக வேண்டும். மற்ற அமைப்புகளில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம். இங்கே முடியாது. இந்தச் சேவையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான்.

நான் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஃபிளின்ட் திட்டத்தில் கர்ப்பிணிக்கு 1,500 டாலர், குழந்தை பிறந்த பிறகு ஓராண்டுக்கு மாதம் 500. மொத்தம் 7,500. அதே தொகை கென்யாவில் ஏழு குடும்பங்களுக்குப் போகும். "அங்கே விலைவாசி குறைவு, அதனால் ஒப்பிடக் கூடாது" என்று உடனே ஒருவர் சொல்வார். உலக வங்கி 2025-ல் அறிவித்த கடும் வறுமைக் கோடு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைக் கழித்த பிறகு வரும் எண் அது. அமெரிக்க அரசின் வறுமைக் கோடு 2025-ல் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 32,150 டாலர், அதாவது ஒரு ஆளுக்கு நாளுக்கு 22 டாலர். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏழு மடங்குக்கு மேல் தூரம்.

இதனால் ஃபிளின்ட் தாய்க்குக் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. 2014-ல் குடிநீர் எடுக்கும் இடத்தை மாற்றியதில் ஈயம் கலந்த தண்ணீர் வீட்டுக் குழாயில் வந்த ஊர் அது. செலவை மிச்சம் பிடிக்கப் போய்க் குழந்தைகளின் உடம்பில் விஷம் ஏறியது. அந்த ஊர்ப் பெண்ணிடம் போய், கென்யாவைப் பார், உனக்கு எவ்வளவோ மேல் என்று எந்த மனசாட்சியுள்ளவரும் சொல்ல முடியாது. என் வாதம் வேறு. ஃபிளின்ட் தாய்க்குப் பின்னால் ஒரு பணக்கார அரசு இருக்கிறது. அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அதற்கு வரி வருமானம் உண்டு, அதைக் கேட்க அவளுக்கு வாக்குரிமையும் உண்டு. அந்தத் திட்டத்திலேயே அறக்கட்டளைகளின் பணத்தோடு மாநில அரசு வழியாக வந்த பொது நிதியும் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். கென்யக் கிராமத்துத் தாய்க்குப் பின்னால் அப்படி ஒரு கஜானா இல்லை.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்பார்கள். சரி, பணக்கார நாடுகள் தானம் செய்வது எவ்வளவு? நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் இலக்கு வைத்தது. 2024-ல் உதவி கொடுக்கும் நாடுகளின் சராசரி 0.33 சதவீதம். நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்குதான் இலக்கைத் தொட்டன. அமெரிக்க மத்திய அரசின் செலவில் வெளிநாட்டு உதவி 1 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் கருத்துக்கணிப்புகளில் கேட்டால் மக்கள் சராசரியாகக் கால் பங்கு என்கிறார்கள். செலவைப் பற்றி இவ்வளவு தவறான எண் தலையில் இருக்கும்போது அதை வெட்டச் சொல்வது இயல்பு. அந்த எண்ணைத் திருத்தும் பொறுப்பு அரசியல்வாதிகளுக்கு இருந்தது, பெரும்பாலோர் செய்யவில்லை.

வெட்டிய பணம் எங்கே போனது என்று தேடினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிரிட்டன் 0.7 சதவீதத்தை 2015-ல் சட்டமாகவே ஆக்கியது. 2021-ல் 0.5 ஆகக் குறைத்தது. அப்புறம் 2023-ல் அந்த உதவிப் பணத்திலும் கால் பங்குக்கு மேல், நாட்டுக்குள்ளேயே தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தங்க வைக்கச் செலவானது. பெயர் வெளிநாட்டு உதவி, செலவு உள்நாட்டில். 2025 பிப்ரவரியில் இதை 2027-க்குள் 0.3 சதவீதமாக்கப் போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். அந்தப் பணம் உள்நாட்டு மருத்துவமனைக்கோ, வாடகை கட்ட முடியாத குடும்பத்துக்கோ என்று அவர் சொல்லவில்லை. ராணுவத்துக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார். உள்நாட்டு ஏழையின் பெயரைச் சொல்லித்தான் வெட்டுக்கு ஆதரவு திரட்டுகிறார்கள், அவர் கைக்கு எதுவும் வருவதில்லை. உள்நாடு முதலில் என்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஏமாற்றப்படுகிறவர்களில் அவர்களும் உண்டு.

இனி, பணம் உண்மையில் வேலை செய்கிறதா என்பது. கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. புல் கூரை வீடுகளில் இருந்த 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இவர்கள் பணம் கொடுத்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தை வளர்த்தது. பணம் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரரின் செலவும் கூடியது, முக்கியக் காரணம் அவருடைய கூலி வருமானம் உயர்ந்தது. விலைவாசி ஏறும் என்று பலர் பயந்தார்கள், மிகக் கொஞ்சமே ஏறியது. கிடைத்த பணத்தைக் குடித்தே அழிப்பார்கள் என்ற பேச்சும் உண்டு. 2016-ல் வெளியான இன்னொரு கென்ய ஆய்வில் மது, புகையிலைச் செலவு கூடவே இல்லை.

ருவாண்டாவில் நடந்த சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும், அதில் யாருக்கும் முழு வெற்றி இல்லை என்பதால். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு நடத்திய ஊட்டச்சத்துத் திட்டத்தையும், அதே செலவில் கிவ்டைரக்ட்லி கொடுத்த பணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சின்னத் தொகையில் இரண்டுமே குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பெரிதாக மாற்றவில்லை. 500 டாலருக்கு மேல் கொடுத்த குடும்பங்களில்தான் மாற்றம் தெரிந்தது. தன் திட்டத்தையே இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அரசு நிறுவனம் முன்வந்தது பெரிய விஷயம். 1961-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2025 ஜூலை 1-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். சரிசெய்ய வழி தெரிந்திருந்தும் மூடினார்கள் என்பது என்னைப் போன்ற தணிக்கைக்காரிக்குத் தாங்க முடியாத விஷயம்.

குறை சொல்லாமல் போக மாட்டேன். காங்கோவின் கிழக்குப் பகுதியில் 2022-ல் கிவ்டைரக்ட்லியின் சொந்தப் பணியாளர்களே கூட்டுச் சேர்ந்து ஏறக்குறைய 9 லட்சம் டாலரைத் திருடினார்கள். 1,700-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போக வேண்டிய பணம். சிம் கார்டு பதிவு செய்யும் வேலையை, பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி, பணியாளர்கள் கையிலேயே விட்டதில் வந்த ஓட்டை அது. பதிவு செய்கிறவரும் பணம் போகும் வழியைக் கையாள்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதைத் தளர்த்தியது பெரிய தவறு. அதேசமயம், இந்தத் திருட்டை 2023-ல் அவர்களே வெளியிட்டு, எப்படி நடந்தது என்றும் எழுதினார்கள். மறைத்தவர்களை நிறையப் பார்த்த எனக்கு, அது தொடர்ந்து கொடுக்கப் போதுமான காரணம்.

இரண்டாவது குறை, பணத்துக்கே உள்ள வரம்பு. அதே சியாயா கிராமங்களில் 2025-ல் வெளியான ஆய்வு, பணம் கிடைத்த குடும்பங்களில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியானது என்கிறது. படித்துவிட்டு அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் மருத்துவர் உள்ள மருத்துவமனை அருகில் இருந்த இடங்களில்தான் பலன் அதிகம். கர்ப்பிணியின் கையில் பணம் இருந்தால் வண்டி பிடித்துப் போவாள், போகிற இடத்தில் மருத்துவர் இருக்க வேண்டும். அந்த மருத்துவரை என் நன்கொடை கொண்டுவராது. அது அரசுகள் பெரிய அளவில் செய்ய வேண்டிய வேலை. 2003-ல் அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக மதிப்பிடப்படுகிறது. எத்தனை தனியார் நன்கொடை சேர்ந்தாலும் அந்த அளவு வராது. "விருப்பமுள்ளவர்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கட்டும், அரசு கொடுக்க வேண்டாம்" என்பவர்களுக்கு இந்தச் சேவையை ஆதாரமாகக் காட்ட முடியாது.

யாருக்கு இது பொருந்தும்? ஏழையின் முடிவை ஏழையிடமே விட மனம் உள்ளவர்களுக்கு. ஒரு டாலருக்கு எத்தனை உயிர் என்று மட்டும் பார்ப்பவர்கள், தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் கிவ்வெல்லின் பட்டியலைப் பார்க்கலாம். 2022-ல் அது கிவ்டைரக்ட்லியைத் தன் முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்தது. கொசுவலை, மலேரியா மருந்து, வைட்டமின் ஏ, தடுப்பூசி ஆகியவற்றுக்கான அமைப்புகளே அதில் மிஞ்சின. 2024-ல், நேரடிப் பணத்தின் பலன் தாங்கள் முன்பு போட்ட மதிப்பைவிட மூன்று நான்கு மடங்கு என்று கிவ்வெல்லே திருத்தியது, ஆனாலும் பட்டியல் மாறவில்லை. நான் பெரும்பகுதியை ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குப் பணமாகவும் ஒரு சிறு பகுதியைக் கொசுவலைக்கும் கொடுக்கிறேன். உள்நாட்டுத் திட்டத்துக்கு நன்கொடை கொடுப்பதில்லை, அதற்கு என் வரியைக் கூட்டினால் சந்தோஷமாகக் கட்டுவேன்.