ஆயில் பம்பைப் பிரித்துச் சரிசெய்து மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

என் வண்டியில் இருப்பது 1950களின் நாலு சிலிண்டர் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் முள் 50 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி நிற்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 7, 8 என்று படுத்துவிடும். காலை ரீடிங்கை நம்பியே பல மாதம் ஓட்டிவிட்டேன். அது தவறு என்று பம்பைப் பிரித்த பிறகுதான் புரிந்தது.

முதலில் வேறொரு கேஜை மாட்டிப் பார்த்தேன், அதே அளவுதான். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும் பேரிங் இடைவெளிகளை அளந்தேன். பம்ப் ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்யும். பேரிங்கின் குறுகிய இடுக்கில் அது நெருக்கப்படுவதால்தான் பிரஷர் உண்டாகிறது. பேரிங் தேய்ந்திருந்தால் பம்பில் என்ன செய்தும் பயனில்லை. என் பேரிங்குகள் மேனுவல் சொன்ன அளவுக்குள் இருந்தன.

பம்பைத் திறந்தால் கியர் பற்கள் நன்றாகவே இருந்தன. கோளாறு மூடியில். கியரின் முகம் உரசி உரசி, நகம் வைத்தால் மாட்டும் அளவுக்கு வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில், கியருக்கும் மூடிக்கும் நடுவே 0.18 மி.மீ. இடைவெளி. இந்த வகை பம்புகளில் 0.05 முதல் 0.10 வரை இருந்தால் நல்லது. தள்ளிய ஆயில் அந்த இடைவெளி வழியாகவே உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அதிகம் நழுவாது. சூடாகி இளகியதும் நழுவிவிடும்.

தடித்த கண்ணாடிமேல் எமரி பேப்பரை விரித்து, ஆயில் விட்டு, மூடியை எட்டு வடிவில் தேய்த்தேன். பள்ளம் மறைய அரை நாள் ஆயிற்று. பிறகு பம்ப் உடலின் முகத்தையும் துளித்துளியாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து, 0.06க்குக் கொண்டுவந்தேன். இதில் அவசரப்படவே கூடாது; அளவு மீறினால் கியர் மூடியில் சிக்கிக்கொள்ளும். என் பம்பில் மூடிக்கு கேஸ்கெட் (கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் தாள்) கிடையாது. ஆயில் கசிகிறதென்று ஒன்றை வைத்தால், அதன் தடிமன் அப்படியே இடைவெளியில் கூடிவிடும்.

பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைச் சுத்தம் செய்து ஸ்பிரிங் மாற்றினேன். ஸ்பிரிங்குக்குக் கீழே வாஷர் வைத்தால் பிரஷர் ஏறும் என்று பலர் சொல்வார்கள். சூடான ஐட்லிங்கில் அந்த வால்வ் மூடியேதான் இருக்கிறது, வாஷரால் என்ன ஆகும்?

பூட்டும்போது கியர்களைச் சுற்றி வாசலின் நிரப்பினேன். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது. வாசலின் சூட்டில் கரைந்துவிடும். கிரீஸ் வேண்டவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் அசையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிய பிறகே இன்ஜினை ஓடவிட்டேன்.

11,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. சூடான ஐட்லிங்கில் 18, ஓட்டத்தில் 45. நடுவில் ஒருமுறை 13க்கு இறங்கியபோது பதறிப்போனேன். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை! ஃபியூவல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்ப்பில் இறங்கி ஆயிலை இளக்கியிருந்தது. டயஃப்ரமையும் ஆயிலையும் மாற்றியதும் முள் பழைய இடத்துக்கு வந்தது.

ஒரு குறை உண்டு. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் பம்பிலிருந்து சில நொடி மெல்லிய முனகல் வருகிறது. பம்பின் இரு கியர்களில் மற்றதால் சுழற்றப்படும் ஐட்லர் கியரின் தண்டில் லேசான தேய்மானத்தைப் பார்த்தும் பழையதையே போட்டிருந்தேன். அடுத்த முறை சம்ப்பை இறக்கும்போது முதலில் மாற்றப்போவது அதைத்தான்.