கிட்னி மாத்துனவங்க தோல் செக்கப்புக்கு இங்க நம்பி வரலாம், 4 ஸ்டார்

எனக்கு 2012ல கிட்னி மாத்துனாங்க, அம்மா குடுத்த கிட்னி, அன்னிலேர்ந்து எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரை ஒருநாள் விடாம ஓடுது. வலது ஆள்காட்டி விரல்ல மரு மாதிரி ஒண்ணு வந்துச்சு, வேற ஒரு எடத்துல காமிச்சப்போ வெறும் மருதான்னு அஞ்சு மாசம் ஆயின்மென்ட் போட வச்சாங்க, என்ன மாத்திரை சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம்தான் கரூர்லேர்ந்து இங்க வந்தேன்.

இங்க டாக்டரம்மா மொதல்ல பாத்தது விரல இல்ல, மாத்திரை சீட்டத்தான். எதிர்ப்பு சக்திய கொறைக்கிற அந்த மாத்திரைல ஒண்ணான அசத்தியோப்ரின் எத்தன வருஷமா போடுறீங்கன்னு கேட்டாங்க, அது ஒடம்புல இருக்கப்ப வெயில்ல இருக்கற யுவிஏங்கற கதிர் பட்டா தோல் இன்னும் ஜாஸ்தி கெடுமாம். அப்புறம் ஸ்கிரீன இழுத்து விட்டு, நர்ஸ் பக்கத்துல நிக்க, தலைமுடிய வகுந்து பாத்து, உதடு, காதுக்குப் பின்னாடி, இடுப்புக்குக் கீழ, கடைசில மெட்டியக் கழட்டச் சொல்லி ஒவ்வொரு கால்விரல் இடுக்கா லைட்டு வச்ச லென்ஸால பாத்தாங்க. நம்ம கலருக்கு தோல் கேன்சர்லாம் வராதுல்ல டாக்டர்னு கேட்டேன். வெள்ளைக்காரங்கள்ல கிட்னி மாத்துனவங்களுக்கு ஸ்குவாமஸ் செல் கேன்சர்ங்கற ஒரு வகை தோல் கேன்சர் மத்தவங்கள விட 65லேர்ந்து 250 மடங்கு வரைக்கும்னு கணக்கு, நமக்கு அவ்ளோ இல்லம்மா, ஆனா வெயிலே படாத எடத்துலயும் வரும், மரு வைரஸாலயும் வரும், அதான் மறைவான எடமும் பாக்குறேன்னாங்க. இத்தன வருஷத்துல யாருமே எனக்கு இத சொல்லல, அதான் மனசு ஆறல.

விரல்லேர்ந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புனாங்க. போவன்ஸ்னு வந்துச்சு, மேல்தோலோட நின்னுட்ட கேன்சர், உள்ள எறங்கல. மரத்துப்போற ஊசி போட்டு வெட்டி எடுத்துட்டாங்க, நாலு தையல். கிட்னி டாக்டருக்கு லெட்டர் குடுத்தாங்க, அவர் மாத்திரைய மாத்திட்டாரு. நீங்களா எதையும் நிறுத்திராதீங்க, ஒடம்பு கிட்னிய ஏத்துக்காதுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

தோல் கேன்சர தடுக்கும்னு வாட்ஸப்ல சுத்துற நிக்கோடினமைட்ங்கற வைட்டமின் மாத்திரையப் பத்திக் கேட்டேன், ஆஸ்திரேலியாவுல உறுப்பு மாத்துன 158 பேருக்கு குடுத்துப் பாத்து 2023ல ரிசல்ட் வந்துருச்சு, பலன் இல்ல, காச வீணாக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. மெடிக்கல் அவங்களோடதுதான், தள்ளி விட்டிருக்கலாம், விடல. சன்ஸ்க்ரீன் மட்டும்தான் எழுதுனாங்க, மூஞ்சிக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசணும், வெளியில நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா.

ஒரு ஸ்டார் கொறச்சது வெயிட்டிங்குக்குத்தான். டோக்கன் வாங்கிட்டு இருமல் சளின்னு உக்காந்திருக்க கூட்டத்துல ரெண்டு மணி நேரம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு காலைல மொத டைம் ஒதுக்குங்க ப்ளீஸ், அடுத்த செக்கப்புக்கு ஆறு மாசத்துல வரணும்.