ரொறன்ரோவில் மருத்துவமனை அறக்கட்டளையிடம் கிராண்ட் கேட்பது: ஒரு மதிப்பீடு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக்குள் உங்களுக்காக வாய் திறந்து பேச ஒருவர் இருந்தால் இந்தக் கிராண்டுக்கு, அதாவது மானியத்துக்கு, தாராளமாக விண்ணப்பம் போடலாம். இல்லையென்றால் அந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், படிவத்தை அப்புறம் பார்க்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையில் பெரும் பங்கு அங்கே வேலை செய்யும் மனிதர்களுக்குத்தான்.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழ் முதியவர்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கிராண்ட் எழுதுவதும் என் பொறுப்பு. நாங்கள் விண்ணப்பித்தது நகரின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் அறக்கட்டளைக்கு. சுகாதார சமத்துவத்துக்கும் புதுமைக்கும் என்று அவர்கள் ஆண்டுதோறும் ஒரு நிதி ஒதுக்குகிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைச் சொல்லவில்லை. வேறு அமைப்புகளில் இருக்கும் நண்பர்களைக் கேட்டால், அவர்கள் போட்ட இடங்களிலும் கதை பெரிதாக மாறவில்லை என்கிறார்கள்.

இந்த அறக்கட்டளைகள் எதற்கு இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்ராறியோவில் மருத்துவமனையின் அன்றாடச் செலவில் பெரும்பகுதியை மாகாண அரசு கொடுக்கிறது. புதுக் கட்டடம் என்று வந்தால், அரசு ஏற்றுக்கொள்ளும் கட்டுமானச் செலவில் 90 சதவீதத்தை அதுவே தரும். மிச்சத்தையும் கருவிகளுக்கான பணத்தையும் ஊர்தான் திரட்ட வேண்டும். அதற்காக உருவானவைதான் இந்த அறக்கட்டளைகள். ஆகவே பணம் சேர்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. வெளியில் இருக்கும் ஒரு சின்ன அமைப்புக்குப் பணம் கொடுப்பது இப்போதுதான் பழகிவரும் வேலை. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இது தெரியும்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. கனடாவில் பதிவு பெற்ற தர்ம அமைப்பு ஒன்று, தன்னைப் போல அரசு அங்கீகரித்த அமைப்புகளுக்கு மட்டுமே பணத்தை நேரடியாக அன்பளிப்பாகக் கொடுக்கலாம் என்பதுதான் நெடுங்கால விதி. 2022 ஜூனில் சட்டம் மாறியது. தகுந்த கணக்கும் கண்காணிப்பும் இருந்தால், பதிவு இல்லாத அமைப்புக்கும் மானியம் கொடுக்கலாம் என்று ஆனது. ஆனால் கதவு திறந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் உள்ளே கூப்பிடுவதில்லை. ஒரு மருத்துவமனையின் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, அந்த மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் தலைமை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே அதுதான்.

பணம் சேரும் இடமும் நோய் இருக்கும் இடமும் வேறு வேறு என்பதால்தான் நான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன். ஸ்காபரோ மருத்துவமனைகளின் அறக்கட்டளை தன் பிரசாரத்தில் ஒரு கணக்குச் சொன்னது. ரொறன்ரோ மக்களில் 25 சதவீதத்தினர் ஸ்காபரோவில் வாழ்கிறார்கள். நகரத்தில் மருத்துவமனைகளுக்குப் போகும் நன்கொடையில் ஒரு சதவீதம்கூட இங்கே வருவதில்லை. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மற்றப் பக்கத்துப் பெரிய அறக்கட்டளைகள் சமத்துவம் என்று ஒரு நிதி திறந்தால் அது கிழக்கே வரத்தான் வேண்டும். கேட்பதற்கு நாம் கூச்சப்படத் தேவையில்லை.

நாங்கள் கேட்டது பாதப் பரிசோதனைக்கு. தென்னாசியர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து அதிகம், உடல் பருமன் இல்லாமலே வந்துவிடுகிறது. எங்களிடம் வரும் அம்மாமாரில் முக்கால்வாசிப் பேருக்கு சீனி வருத்தம் உண்டு. குளிசை எடுக்கிறார்கள், விரல் குத்தி அளவும் பார்க்கிறார்கள். காலை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சீனி கூடி நரம்பு கெட்டால் காலில் உணர்ச்சி போய்விடும். குளிருக்குப் போடும் சப்பாத்துக்குள் புண் வந்தாலும் தெரியாது. தனியார் கிளினிக்கில் கைரோபொடிஸ்ட் என்கிற பாத நிபுணரிடம் போனால் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பணம் கட்டாது. மகனிடம் அதற்குக் காசு கேட்க அவர்களுக்கு மனம் வராது.

பரிசோதனை மிக எளிது. தாதி ஒரு மெல்லிய நைலோன் இழையைப் பாதத்தில் பெருவிரலின் அடி, விரல்களுக்குக் கீழே உள்ள முன்பாதம் என்று சில இடங்களில் அழுத்துவார். 10 கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, படும்போது "ஓம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மண்டபத்தில் முதல் தடவை செய்தபோது ஒரு அம்மா கண்ணை மூடியபடி, "எப்ப பிள்ளை தொடப் போறீங்கள்?" என்று கேட்டார். அப்போது தாதி அவருடைய இடது காலில் பாதி இடங்களைத் தொட்டு முடித்திருந்தார். ஒரு கிராண்டுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். வழிகாட்டிக் கையேடு உண்மையில் நன்றாக இருந்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று வெளிப்படையாகப் போட்டிருந்தார்கள். விளக்கக் கூட்டத்தைப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். பகல் வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. எல்லாவற்றையும்விட, அங்கே ஒரு அலுவலர் போனை எடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, சொன்னபடியே திரும்ப அழைத்தார். அரசாங்கக் கிராண்டுகளுக்குப் பொது மின்னஞ்சல் முகவரியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்லைன் தளம்தான் தலையிடி. பதில்களின் நீளத்தை எழுத்து எழுத்தாக எண்ணுகிறது, இடைவெளியும் சேர்த்தி. தலைமை விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் உள்நுழைவு. திட்டத்தை நடத்தப்போவது நாங்கள், ஆனால் எங்கள் சொந்தத் திட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியாது. மருத்துவமனைக்காரர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சமத்துவத்துக்கான நிதிக்கு இப்படி ஒரு பூட்டு பொருந்தவே இல்லை. இதை அவர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சமத்துவம் பற்றிய பகுதி படிவத்திலேயே சிறந்த பகுதி. "இந்தத் திட்டத்தை வடிவமைத்தபோது யாரெல்லாம் இருந்தார்கள், அவர்களுக்கு ஊதியம் கொடுத்தீர்களா?" என்று நேராகக் கேட்கிறார்கள். எங்கள் மூத்தோர் குழு கூடிப் பேசிய நேரத்துக்கு ஒரு தொகை கேட்டோம், மறுக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஒரு ஐயாதான், பரிசோதனையை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், பாதிப்பேர் கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்றார். இப்படிப்பட்ட சொல்லுக்குப் பணம் கொடுக்க ஒரு மருத்துவமனை முன்வந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

இந்தப் பகுதிக்குப் புள்ளிவிபரம் வேண்டும் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ரொறன்ரோ மாநகரம் நகரை 158 அயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன மொழி பேசுகிறார்கள், வருமானம் எவ்வளவு என்று குடிசன மதிப்பிலிருந்து எடுத்து வெளியிடுகிறது. நீரிழிவு எந்த அயலில் எவ்வளவு என்பதை ஒன்ராறியோ சமூக சுகாதார விபரத் தளத்தில் எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் வாதம் தானாக எழுந்து நிற்கும். நோய்க் கணக்குகளில் பெரும்பாலும் தமிழர் என்று தனியாக வராது, தென்னாசியர் என்ற பெரிய தலைப்புக்குள் போய்விடுவோம். அதனால் அயலும் மொழியும் சேர்ந்த கணக்குத்தான் நமக்குக் கைகொடுக்கும்.

புதுமை பற்றிய பகுதியோடு எனக்கு ஒத்துப்போகவே முடியவில்லை. "இதுவரை யாரும் செய்யாதது என்ன?" என்பது கேள்வி. நைலோன் இழை பழையது, தாதி பழையவர், மண்டபம் பழையது. வேலை செய்கிறது என்று உலகத்துக்கே தெரிந்த ஒன்று இந்த மக்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை. அதை அப்படியே எழுதினோம். அந்த ஆண்டு கிடைக்கவில்லை. வந்த கடிதம் ஒரே ஒரு பத்தி. கேட்ட பிறகுதான் நடுவர்களின் குறிப்புகளை அனுப்பினார்கள், அவை உண்மையில் பயனுள்ளவை. மறுப்பு வந்தால் கட்டாயம் குறிப்புகளைக் கேளுங்கள். ஒருவர் எழுதியிருந்தார்: புண் கண்டுபிடித்த பிறகு அந்த நோயாளி எங்கே போவார் என்பது இந்த விண்ணப்பத்தில் இல்லை.

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் விண்ணப்பத்தில் எங்களுக்குத் தலைமையாக இருந்தவர் கையெழுத்துப் போட்டுத் தந்த ஒரு நல்ல மனிதர், பாத சிகிச்சைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவரே எங்களை மருத்துவமனையின் கைரோபொடிஸ்ட்டிடம் அறிமுகப்படுத்தினார். அந்தக் கைரோபொடிஸ்ட் ஒரு சனிக்கிழமை எங்கள் மண்டபத்துக்கு வந்து, அம்மாமாரின் கால்களைத் தானே பார்த்தார். தன்னிடம் வரும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கிறது என்று அவருக்கும் நெடுநாளாக ஆதங்கம். மண்டபத்தில் தாதி கண்டுபிடித்ததும், குடும்ப வைத்தியரைச் சுற்றி அலையாமல், அவருடைய கிளினிக்கில் நேரடியாக ஒரு நேரம் ஒதுக்குவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். அடுத்த சுற்றில் அதுதான் எங்கள் புதுமை. கிடைத்தது. கேட்டதைவிடக் குறைவாகத்தான், ஆனாலும் கிடைத்தது.

இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் வேலையை அறக்கட்டளையே செய்ய வேண்டும் என்பதுதான் என் பெரிய குறை. எந்தப் பிரிவில் யார் சமூகத்தோடு வேலை செய்ய விரும்புகிறார் என்று அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. விண்ணப்பம் திறப்பதற்கு முன்பு ஒரு மாலை இரு பக்கத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் போதும். இல்லாவிட்டால் ஏற்கெனவே மருத்துவமனையில் ஆள் தெரிந்த அமைப்புகளுக்கே பணம் போகும். அதற்குப் பெயர் சமத்துவம் இல்லை.

வரவுசெலவுப் பகுதியில் உணவுக்கு மிகச் சிறிய தொகைதான் அனுமதி, சிற்றுண்டி என்ற தலைப்பில். நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் ஒருவரை மதியம் தாண்டியும் வெறும் தேநீரோடு உட்கார வைக்க முடியாது, சிலருக்குச் சீனி இறங்கி மயக்கம் வரலாம். அலுவலரிடம் இதை விளக்கினேன். உணவியல் நிபுணரோடு சேர்ந்து செய்யும் சமையல் விளக்கமாகப் போடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். குரக்கன் புட்டு எவ்வளவு போட்டுச் சாப்பிடலாம், சோற்றைக் குறைத்தால் தட்டில் எதைக் கூட்டுவது என்று பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அது சிற்றுண்டித் தலைப்பில் இருந்ததைவிட நல்ல திட்டமாகவே வந்திருக்கிறது. பஸ் கட்டணத்துக்குத் தனித் தலைப்பு உண்டு, மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு. வாடகைக்கும் கணக்காளருக்கும் நிர்வாகச் செலவு என்ற ஒரே தலைப்பில் கொஞ்சம் தருகிறார்கள், சின்ன அமைப்புக்குப் போதாது.

கிராண்ட் கிடைத்த பிறகு ஒரு இழுபறி இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்ராறியோவின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2004இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு அம்மாவின் பெயரையும் அவருடைய கால் முடிவையும் சாதாரண மின்னஞ்சலில் மருத்துவமனைக்கு அனுப்ப முடியாது. தகவல் பகிர்வு ஒப்பந்தம் இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களிடமும் போய்வந்தது. நீங்கள் செய்வது ஆராய்ச்சியா, சேவையின் தர மேம்பாடா என்ற கேள்வியும் எழும். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தக் கேள்விக்கு விண்ணப்பத்திலேயே பதில் எழுதிவிட்டால் பிறகு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இனிப் போடப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். எந்த அறக்கட்டளையாக இருந்தாலும், அது வரி விஷயங்களைப் பார்க்கும் கனடா வருவாய் முகவரகத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் டி3010 என்ற கணக்குப் படிவம் அந்த முகவரகத்தின் தளத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. எந்தப் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் தெரியும். எல்லாப் பணமும் அந்த மருத்துவமனைக்கே போயிருந்தால், பணம் உங்கள் கைக்கு வராமல் மருத்துவமனை வழியாகத்தான் வரும் என்று எதிர்பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் வருகிறது, மருத்துவமனைக்கு விலைப்பட்டியல் அனுப்பி வாங்குகிறோம். அடுத்தது, பணம் தவணையில்தான் வரும். தாதியின் சம்பளமோ முதல் வாரமே தொடங்கிவிடும். முதல் தவணை எந்தத் திகதியில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.