பாலியூரித்தேன் புஷ் கிட்: பெட்டியில் பாதியைப் போடுங்கள், பாதியை விடுங்கள்

சஸ்பென்ஷன் பாகங்கள் வண்டியோடு சேரும் மூட்டில் உட்காரும் மெத்தைதான் புஷ். கம்பெனி போடுவது ரப்பர், அதற்குப் பதிலாகப் போடுவது அதை விடக் கெட்டியான பாலியூரித்தேன், சுருக்கமாகப் பாலி. முன் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), பின் ஆக்சில் என்று எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் பாலியூரித்தேன் புஷ் கிட்டில் பாதி அருமையான சரக்கு. மீதிப் பாதி பெட்டியிலேயே கிடப்பது வண்டிக்கு நல்லது. எந்தப் பாதி எது என்பதை பிராண்டை விட, புஷ் உட்காரும் இடம்தான் முடிவு செய்கிறது. இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வது பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய, முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) பக்கத்துக்கு ஒரு லோயர் ஆர்மும் (சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கை), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகிக்கொடுக்கும் உத்தரம்).

முதலில் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கம்பெனி ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு கட்டுண்டுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுகி நிமிர்கிறது. பாலி புஷ்ஷில் அந்த ஒட்டே கிடையாது. தொப்பி வடிவில் இரண்டு துண்டுகள், நடுவே வழவழப்பான எஃகுக் குழாய். குழாய் அசையாமல் நிற்க, பாலி அதைச் சுற்றித் திரும்பும். ஆக, இது ரப்பர் மாதிரி தெரியும் ஒரு பேரிங். கிரீஸ் கேட்கும், அச்சு நேராக இருக்க வேண்டும், பக்கவாட்டில் சாய்த்தால் அடம்பிடிக்கும். கிட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். பயணிகள் கார் ரப்பர் பெரும்பாலும் 50 முதல் 65 வரை. சாலைக்கென்று விற்கும் பாலி 70 முதல் 85 வரை, பந்தயத்துக்கானது 95 வரை போகும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பவர்ஃப்ளெக்ஸின் பிளாக் சீரிஸ் பந்தயத் தளத்துக்கான கெட்டியான வகை. எனர்ஜி சஸ்பென்ஷனின் கருப்பு, கிராஃபைட் கலந்ததைக் குறிக்கிறது. ஒரு பிராண்டின் நிறக் கணக்கை இன்னொன்றுக்குப் பொருத்தினால் தினசரி ஓட்டும் வண்டிக்குள் 95ஐப் போட்டுவிட்டு, ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியையும் சீட்டில் எண்ண வேண்டியிருக்கும். பெட்டியில் ஷோர் எண் அச்சிடவில்லை என்றால் வாங்காதீர்கள். சூப்பர்புரோ புஷ்களில் பாலியின் உள்துளையில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். பார்க்க அலங்காரம் மாதிரி இருந்தாலும் கிரீஸ் தேங்கி நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். வழவழவென்று இருக்கும் உள்துளையை விட இது நீண்ட நாள் சத்தமில்லாமல் ஓடும்.

புஷ் போயிருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் கிட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். பிரேக்கை அழுத்தும்போதோ ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறும்போதோ ஒரே ஒரு 'டொக்' வந்தால் சந்தேகம் லோயர் ஆர்ம் மேல். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் வண்டி இழுத்தாலும் அப்படித்தான். சின்னச் சின்னப் பள்ளத்தில் 'கடகட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) அல்லது பார் புஷ்; லிங்க்கை முதலில் பாருங்கள், மலிவு. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவே ஒரு நீளமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் ஓரத்தில் மெல்லிய கீறல்கள் இருப்பது வயசுக்கு வரும் சுருக்கம், அதற்காக மாற்ற வேண்டியதில்லை. நெம்பும்போது கீறல் வாயைத் திறந்து உள்ளே வெளிச்சம் தெரிந்தாலோ, உள்குழாய் ரப்பரை விட்டுத் தனியாக நகர்ந்தாலோ புஷ் முடிந்தது.

இனி இடம் இடமாக.

ஸ்டெபிலைசர் பாரைச் சப்ஃபிரேமோடு பிடிக்கும் டி வடிவ புஷ்ஷுக்கு பாலி கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பார் தன் அச்சிலேயே சுழல்கிறது, பாலிக்குப் பிடித்த அசைவு இதுதான். வளைவில் வண்டி சாய ஆரம்பிக்கும் முதல் நொடியிலேயே பார் வேலை செய்யத் தொடங்குவது தெரியும். ரப்பர் முதலில் நசுங்கிவிட்டுத்தான் விசையைக் கொடுக்கும். கவனிக்க வேண்டியது விட்டம் மட்டும். ஒரே மாடலில் 19, 20, 22 மி.மீ. என்று வெவ்வேறு பார்கள் வந்திருக்கலாம். பழைய புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். 1 மி.மீ. பெரிய புஷ் தட்டும். 1 மி.மீ. சிறியதென்றால் பிராக்கெட் மூடாது. போல்ட்டால் இழுத்து மூடினால் பார் சுழலாமல் பிடித்துக்கொண்டு கீச்சிடும். இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும், போல்ட் துளைகள் ஒத்துவராது.

லோயர் ஆர்மின் முன்புஷ், அதாவது போல்ட் வண்டியின் நீளவாக்கில் படுத்திருப்பது, பாலிக்கு அடுத்த நல்ல இடம். ஆர்ம் கதவுக் கீல் மாதிரி அந்தப் போல்ட்டைச் சுற்றி ஏறி இறங்குகிறது. பிரேக்கில் வரும் 'டொக்' போகும், ஸ்டீயரிங் நடுப்புள்ளி தெளிவாகும். கிட்டில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் துண்டு இதுதான்.

பின்புஷ்ஷில் இரண்டு வகை உண்டு. இதுவும் முன்புஷ்ஷின் அதே கோட்டில் படுத்திருந்தால் பாலி போடலாம். போல்ட் செங்குத்தாக நிற்க, புஷ் பெரிய வட்டமாக, நடுவே சிறுநீரக வடிவில் இரண்டு ஓட்டைகளோடு இருந்தால் நிதானியுங்கள். அந்த ஓட்டைகள் பள்ளத்தில் சக்கரம் சற்றே பின்னால் நகர்ந்து அடியை வாங்கிக்கொள்ள விட்ட இடம். அதை முழுக் கட்டி பாலியால் அடைத்தால் அடி சப்ஃபிரேமுக்குப் போகும். துரு பிடித்த பழைய வண்டியில் பிராக்கெட் வெல்டிங் கீறுவது இப்படித்தான். போதாததற்கு, ஆர்ம் ஏறும்போது இந்தப் புஷ் குடை மாதிரி சாய வேண்டியிருக்கும், பாலிக்கு அது வராது. இந்த இடத்துக்கு ஓட்டை இல்லாத முழு ரப்பர் புஷ் கிடைத்தால் அதுவே சரி. நான்காம் தலைமுறை கோல்ஃப் வைத்திருப்பவர்கள் அதே தளத்தில் வந்த ஆடி டிடியின் முழு ரப்பர் புஷ்ஷை இங்கே போடுவது வெகுநாள் வழக்கம். ஓட்டைகளுக்குள் செருகும் பாலி அடைப்புகளும் விற்கிறார்கள். ரப்பர் கிழியாமல் இருந்தால் மட்டும் அவற்றுக்கு அர்த்தம் உண்டு. கிழிந்த புஷ்ஷில் செருகுவது நோயை மூடி மறைப்பது.

ட்விஸ்ட் பீமின் இரண்டு பெரிய புஷ்களை மாற்றுவதென்றால் புது ரப்பர்தான். ஒரு பின்சக்கரம் மட்டும் ஏறும்போது பீம் முறுகுகிறது, இரண்டு பக்கப் புஷ்ஷும் எதிரெதிராகச் சாய்கின்றன. பல வண்டிகளில் வளைவில் பின்சக்கரம் திசை தவறாமலிருக்கப் புஷ்ஷைக் கோணலாகவே வைத்திருப்பார்கள். அங்கே பாலி போட்டால் பின்பக்கம் தேவைக்கு மேல் விறைக்கும், ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் வழுக்கும். 1992 முதல் 2000 வரையிலான ஹோண்டா சிவிக்கின் பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷும் இதே கதை. ஆர்ம் பல திசையில் அசைய வேண்டிய இடம், கட்டிப் பாலி அங்கே பிடித்துக்கொள்கிறது. கிட்டில் இந்தத் துண்டுகளும் வரும். வரட்டும்.

வேலைக்கு வருவோம். முதல் பக்கத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டாவது பக்கம் பாதியில் முடியும். முந்தைய இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஆர்ம் போல்ட்களைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஆர்மின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைக் கழற்ற, ஃபோர்க்கை (கவை வடிவக் கருவி) அடித்துச் செருகினால் ரப்பர் பூட் கிழியும். நட்டைக் கழற்றி, தண்டு மாட்டியிருக்கும் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு அடி அடித்தால் பெரும்பாலும் விடும், இல்லையென்றால் புல்லர்.

பழைய வண்டியில் நேரத்தைத் தின்பது போல்ட். நட்டு வந்துவிடும், போல்ட் தலையைத் திருப்பினால் கொஞ்சம் போகும், விட்டால் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே வரும். போல்ட் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டு ரப்பரை முறுக்குகிறது என்று பொருள். சுத்தியலால் அடித்தால் பிராக்கெட்தான் வளையும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மின்வாளின் பிளேடை விட்டு இரு பக்கமும் அறுப்பதுதான் வழி. ஆகவே ஆர்ம் போல்ட், நட்டு எல்லாம் அதே கிரேடில் புதிதாக வாங்கி வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். சில வண்டிகளில் போல்ட் வெளியே வர கியர்பாக்ஸ் தடுக்கும். அங்கே மவுண்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும்.

பழைய புஷ்ஷை எடுக்கும் முன் கிட்டின் தாளைப் படியுங்கள். சில கிட்கள் பழைய வெளி வளையத்தை ஆர்மிலேயே விடச் சொல்லும், சில அதை எடுக்கச் சொல்லும். தப்பாக எடுத்துவிட்டால் பாலி ஆர்மின் கண்ணுக்குள் லொடலொடவென ஆடும், திரும்ப வழியில்லை. எடுக்க வேண்டும் என்றால் பிரஸ் சுலபம். பிரஸ் இல்லையா, ஆர்மை வைஸில் கட்டி, உள்குழாயைச் சுற்றி ரப்பரில் 6 மி.மீ. டிரில்லால் வரிசையாகத் துளையிட்டுக் குழாயைத் தள்ளுங்கள். பிறகு ஹேக்ஸா பிளேடைக் கண்ணுக்குள் நுழைத்து மாட்டி, வளையத்தை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுங்கள். வளையம் முழுதும் அறுபடும் தருணத்தில் பிளேடின் ஓசை மாறும், இறுக்கம் விட்டு இடைவெளி மயிரிழை திறக்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் ஆர்மில் வெட்டு விழும், பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். உளியை வைத்து ஓரத்தை உள்பக்கம் சுருட்டி அடித்தால் வளையம் வெளியே வரும். ரப்பரைத் தீ வைத்து எரிக்கும் குறுக்கு வழியைச் சொல்பவர்கள் உண்டு. புகை விஷம், பால் ஜாயின்ட் பூட்டும் கிரீஸும் கருகும், அலுமினிய ஆர்ம் என்றால் உறுதியே போய்விடும்.

கண்ணின் உட்புறத்தை 120 எமரித்தாளால் தேய்த்துத் துருவை மட்டும் எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், விட்டம் கூடிவிடும். பாலியைக் கண்ணுக்குள் செருக வைஸின் இரு தாடைகளே போதும். கெட்டியாக இருந்தால் சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் வளைந்துகொடுக்கும். பாலியின் வெளிப்புறம், தொப்பியின் விளிம்பு, உள்துளை எல்லாவற்றிலும் கிட்டோடு வந்த சிலிக்கோன் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். கிட்டில் வரும் பாக்கெட் எப்போதும் போதாது, தனியாக ஒரு டியூப் வாங்குங்கள். ஷெட்டில் கிடக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் தண்ணீரில் சீக்கிரம் கழுவிக்கொண்டு போகும், பக்கத்தில் இருக்கும் ரப்பரையும் ஊறவைக்கும்.

குழாயைச் செருகியதும் அதன் முனைகளைப் பாருங்கள். பாலியின் முகத்தோடு சமமாகவோ மயிரிழை துருத்தியோ இருக்க வேண்டும். உள்ளே அமுங்கியிருந்தால் பிராக்கெட் குழாயைப் பிடிக்காமல் பாலியைப் பிடிக்கும், விளிம்பு நசுங்கிச் சீக்கிரமே பிளக்கும். மலிவுக் கிட்களில் அதிகம் கோட்டை விடுவது இந்த நீளத்தில்தான். அடுத்தது, துருவேறும் சாதாரண இரும்பில் குழாய் போடுவது. துரு உப்புத்தாள் மாதிரி பாலியை உள்ளிருந்து அரைத்துவிடும்.

பால் ஜாயின்ட்டை மாட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். ஆர்மைப் பிராக்கெட்டில் மாட்டி, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கிவிட்டு, கையால் மேலே தூக்கி விடுங்கள். கொஞ்சம் கனமாக, ஆனால் வழுக்கிக்கொண்டு அசைய வேண்டும். தூக்கவே முடியாமல் நின்றால் எங்கோ பிடிக்கிறது. அதற்கு மேல் ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், கழற்றிக் குழாய் நீளத்தையும் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரப்பர் புஷ்ஷை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும், பாலிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே ஆர்மில் ஒரு ரப்பர் புஷ் மிச்சம் இருந்தால் அதன் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். இரண்டு பக்கமும் ஒரே வகை புஷ் போட்டு, முடித்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

டயர் இரைச்சல் கொஞ்சம் கூடத்தான் செய்யும், ரோட்டில் பதித்த பிரதிபலிப்பான்கள் மேல் ஏறினால் முன்பை விட 'தடக்' என்று கேட்கும். ஷோர் 80ல், முன்புஷ்ஷும் பார் புஷ்ஷும் மட்டும் என்றால் தாங்கக்கூடிய அளவு. கீச்சொலி வேறு விஷயம். அது கிரீஸ் வற்றி, குழாயும் பாலியும் ஒட்டி ஒட்டி விடும் சத்தம். எந்தப் புஷ் என்று தெரிய, வண்டியை ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். எதில் தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். கிரீஸ் ஏற்றும் வாய் (நிப்பிள்) இருந்தால் கிரீஸ் கன்னால் ஏற்றலாம். இல்லாவிட்டால் பார் புஷ்ஷுக்கு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும், ஆர்ம் புஷ்ஷுக்கு ஆர்மையே இறக்க வேண்டும். முதல் முறை போடும்போதே கிரீஸில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்பது அதனால்தான்.